வார்டில் முதல் மாதம்: சிங்கப்பூர் மருத்துவமனைக்கு வரும் புதிய தாதிக்கு

காலை ஷிப்ட் 7 மணிக்கு என்றால், முதல் மாதம் முழுவதும் 6.30-க்கு வார்டில் இருங்கள். பழகிய பிறகு 6.50 போதும். அந்த அரை மணி நேரத்தில் ஒரே வேலைதான்: உங்களுக்கு ஒதுக்கிய ஆறோ எட்டோ நோயாளிகளின் பதிவைக் கணினியில் படித்து ஒரு தாளில் குறித்துக்கொள்வது.

புதியவர்களின் தவறுகள் பெரும்பாலும் படிப்புக் குறைவால் வருவதில்லை. கட்டிலில் இருக்கும் நோயாளியும் கணினியில் இருக்கும் நோயாளியும் வேறு வேறு ஆட்களாகிவிடுவதால் வருகின்றன. விடியற்காலை 5 மணிக்கு நிறுத்தச் சொன்ன டிரிப் 8 மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். ‘நில் பை மவுத்’ (வாயால் எதுவும் தரக்கூடாது) என்று பதிவு சொல்லும், மேசையில் கஞ்சித் தட்டு ஆவி பறக்க உட்கார்ந்திருக்கும். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த இரண்டு ஆட்களையும் ஒருவராகவே வைத்திருப்பதற்கானவை.

பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்து வருபவருக்கும் தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கும் இது பொருந்தும். தாதியர் வாரியத்தின் பதிவும் செல்லுபடியாகும் தொழில் சான்றிதழும் வந்து சேராமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. இங்கே சொல்லும் எண்ணும் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையும் வேறுபட்டால், மருத்துவமனை சொல்வதையே செய்யுங்கள்.

தாள்

ஒரு ஏ4 தாளைக் குறுக்கே மடித்து, ஆளுக்கு ஒரு கட்டம் போடுங்கள். கட்டத்தில் எழுத வேண்டியவை: கட்டில் எண், வயது, எதற்காகச் சேர்ந்தார், இன்று எத்தனையாவது நாள், ஒவ்வாமை, உணவு வகை, ஹைப்போகவுண்ட் பார்க்கும் நேரங்கள், உடம்பில் உள்ள குழாய்கள், விழும் அபாயம் உண்டா, இதயம் நின்றால் உயிர்ப்பிக்க வேண்டுமா என்ற முடிவு, இன்று பாக்கியுள்ள வேலை. தாளின் ஓரத்தில் மணி நேரங்களை எழுதி, எந்த மணிக்கு எந்தக் கட்டிலில் என்ன வேலை என்று புள்ளி வையுங்கள். எது முதலில் என்று மூளை குழம்பும்போது தாளின் ஓரம் சொல்லிவிடும்.

ஹைப்போகவுண்ட் என்றால் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இந்தச் சொல் புதிது. அதேபோல ‘பாராமீட்டர்’ என்றால் ரத்த அழுத்தம், நாடி, மூச்சு, வெப்பநிலை, ஆக்சிஜன் அளவு. ‘பிளக்’ என்பது நரம்பில் செருகிய ஊசிக்குழாய். ‘பிஓ’ மலம் கழித்தது, ‘பியு’ சிறுநீர் கழித்தது, ‘கிரிப்’ கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. ‘ஓஎம்’ தினமும் காலை, ‘ஓஎன்’ தினமும் இரவு. தெரியாத சுருக்கத்தை ஊகிக்காதீர்கள். கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்குப் போகுமுன் அந்தத் தாளை ரகசியக் காகிதப் பெட்டியில் போடுங்கள். எம்ஆர்டி ரயில் இருக்கையில் விட்டுப்போன தாள் ஒன்று போதும், பெரிய விவகாரமாகிவிடும்.

முதல் சுற்று

ரிப்போர்ட் (முந்தைய ஷிப்ட் நோயாளிகளை உங்களிடம் ஒப்படைப்பது) கட்டில் பக்கத்திலேயே நடந்தால் நல்லது. நடக்காவிட்டால், முடிந்ததும் நேராகக் கட்டில்களுக்குப் போங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, மூச்சு சுலபமாக இருக்கிறதா என்பது முதலில். பிறகு கைப்பட்டை. ஆக்சிஜன் மீட்டரில் உள்ள லிட்டரும் பதிவில் உள்ள லிட்டரும் ஒன்றா? டிரிப் பையில் எவ்வளவு மீதி, என்ன வேகம்? பிளக் இருக்கும் இடம் சிவந்தோ வீங்கியோ இருக்கிறதா? போர்வைக்கு அடியில் இருக்கும் பிளக்கை யாரும் பார்ப்பதில்லை, போர்வையை விலக்குங்கள். சிறுநீர்ப்பை தரையில் படாமல், சிறுநீர்க்குழாய் மடங்காமல் இருக்கிறதா? கட்டில் பிரேக், கட்டிலின் உயரம், அழைப்பு மணி கைக்கு எட்டும் தூரம்.

பக்கவாதம் வந்தவருக்கு மணியை வலுவிழந்த கைப்பக்கம் வைத்துவிட்டுப் போவது அன்றாடம் நடக்கும் தவறு.

யார் முதலில் என்ற கேள்விக்கும் இந்தச் சுற்றுதான் பதில். அதிகம் கத்துபவர் முதலில் இல்லை. நேற்று பேசிக்கொண்டிருந்தவர் இன்று காலை அமைதியாகக் கிடந்தால் அவர்தான் முதலில்.

பாராமீட்டர்

ரத்த அழுத்தத்தையும் நாடியையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். மூச்சை நீங்கள்தான் எண்ண வேண்டும், முழுதாக ஒரு நிமிடம். எண்ணாமல் ‘18’ என்று எழுதும் பழக்கம் எல்லா நாட்டு வார்டுகளிலும் உண்டு, அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். உடல்நிலை சரியும்போது பல நேரம் முதலில் மாறுவது மூச்சின் எண்ணிக்கைதான். ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும். எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றுவார், அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பாருங்கள்.

டயாலிசிஸ் செய்பவர்கள் சிங்கப்பூர் வார்டுகளில் நிறையப் பேர். அவர்கள் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இணைத்துவைத்த ரத்தக்குழாய்) இருந்தால் அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ, ரத்தம் எடுக்கவோ, பிளக் போடவோ கூடாது. அந்தக் குழாய் அடைத்துப்போனால் அவருடைய உயிர்நாடியே போன மாதிரி. நீண்டகால நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 வரை போதும் என்று டாக்டர் எழுதியிருப்பார். 90-ஐப் பார்த்துப் பதறி ஆக்சிஜனைக் கூட்டினால் அவர் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயங்கிவிடலாம்.

சிறுநீர் அளவுக்கு எளிய கணக்கு: உடல் எடை கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. 60 கிலோ எடை என்றால் மணிக்கு 30 மி.லி. அதற்குக் கீழே தொடர்ந்து போனால் சொல்லியாக வேண்டும். டயப்பர் அணிபவருக்கு நனைந்த டயப்பரை எடைபோட்டு, உலர்ந்த டயப்பரின் எடையைக் கழியுங்கள். 1 கிராம் 1 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம்.

மருந்து

முதல் மாதத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

1. மருந்து வண்டியைத் தள்ளத் தொடங்கினால் பேச்சை நிறுத்துங்கள். யாராவது கூப்பிட்டால், கையில் உள்ள ஒருவருக்கான மருந்தை முடித்துவிட்டு அல்லது பூட்டிவிட்டுப் போங்கள். பாதியில் விட்டுத் திரும்பி வந்தால் முதலிலிருந்து தொடங்குங்கள்.

2. அடையாளம் இரண்டு: முழுப்பெயரும் அடையாள அட்டை எண்ணும். “நீங்கதானே திருமதி லட்சுமி?” என்று கேட்காதீர்கள், காது மந்தமானவர் எதற்கும் தலையாட்டுவார். “உங்க பேர் என்னம்மா?” என்று கேட்டுவிட்டு, கைப்பட்டையைப் பார்க்கவோ ஸ்கேன் செய்யவோ வேண்டும். ஒரே வார்டில் இரண்டு டான், மூன்று அப்துல், இரண்டு முத்து இருப்பது சாதாரணம். கட்டில் எண் அடையாளமே இல்லை. இரவில் கட்டில் மாறியிருக்கும்.

3. ஒவ்வாமையை வாயால் கேளுங்கள், பதிவில் இருந்தாலும்.

4. கொடுக்குமுன் அந்த மருந்துக்குரிய எண்ணைப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரைக்கு இன்றைய அழுத்தம், டிகாக்சின் என்ற இதய மருந்துக்கு நாடி, பொட்டாசியத்துக்குக் கடைசி ரத்தப் பரிசோதனை. ரத்த அழுத்தம் 96/54 இருக்கும்போது மாத்திரையைக் கொடுத்துவிட்டு ‘டாக்டர் எழுதியிருந்தார்’ என்று சொல்ல முடியாது.

5. விழுங்குவதைக் கண்ணால் பாருங்கள். மேசையில் வைத்துவிட்டு வந்த மாத்திரை தலையணைக்கு அடியில் கிடைக்கும்.

6. கொடுத்ததும் பதிவு. ‘எல்லாருக்கும் கொடுத்துட்டு மொத்தமா எழுதறேன்’ என்பதில்தான் ஒருவருக்கு இரண்டு முறை மருந்து போகிறது.

மூக்குக்குழாய் வழியே கொடுக்க மாத்திரையை அரைக்குமுன் மருந்தாளரைக் கேளுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையை அரைத்தால் நாள் முழுவதற்குமான அளவு ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். பாராசிட்டமால் 1 கிராம் வீதம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 4 கிராம். அதற்கு மேல் இல்லை. வலிக்குக் கொடுக்கும் கூட்டு மாத்திரைக்குள் ஒளிந்திருக்கும் பாராசிட்டமாலும் இந்தக் கணக்கில் சேரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் கிளெக்சேன் ஊசியை முழு அளவில் போடும்போது உள்ளே உள்ள காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டாம். கடைசிச் சொட்டு மருந்தை அதுதான் தள்ளிவிடுகிறது. அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் தள்ளவே கூடாது. இதயம் நின்றுவிடும்.

இன்சுலினும் சர்க்கரையும்

தமிழ்நாட்டில் பயின்றவர்கள் முதல் நாளே மாற்ற வேண்டியது அலகு. அங்கே மி.கி./டெ.லி., இங்கே மில்லிமோல். இங்குள்ள எண்ணை 18-ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் வரும்: 4.0 என்றால் 72, 10 என்றால் 180. ‘6’ என்று பார்த்ததும் அடிவயிறு கலங்கும், அது 108தான்.

இன்சுலினுக்கு இன்சுலின் சிரிஞ்ச் மட்டும். 1 மி.லி.யில் 100 யூனிட் இருக்கிறது; சாதாரண சிரிஞ்சில் இழுத்தால் ஒரு கோடு தவறியதில் பத்து மடங்கு போய்விடும். இரண்டு தாதியர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று “ம், சரி” என்பது சரிபார்ப்பில் சேராது. இரண்டாமவர் குறிப்பைத் தானே படித்து, சிரிஞ்சைத் தானே பார்க்க வேண்டும். உடனே வேலை செய்யும் இன்சுலினை உணவுத் தட்டு கண்முன் வந்த பிறகே போடுங்கள். ஊசி போட்டபின் ஸ்கேனுக்குக் கூட்டிப்போய், தட்டு ஆறிப்போய், 11 மணிக்கு வியர்த்து விறுவிறுத்துக் கிடப்பார்.

4.0-க்குக் கீழே போனால்: விழிப்போடு விழுங்கக்கூடியவராக இருந்தால் வேகமாகக் கரையும் குளுக்கோஸ் 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி ஹைப்போகவுண்ட். ஏறவில்லையென்றால் மறுபடி. மைலோவோ சாக்லேட்டோ முதலில் வேண்டாம், கொழுப்பு இருந்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். மயங்கியிருந்தாலோ வாயால் எதுவும் தரக்கூடாது என்றிருந்தாலோ வாயில் எதையும் ஊற்றாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். நரம்பு வழியே டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் போகும். எண் சரியானதும் கதை முடியவில்லை. கிளிபிசைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு, அதுவும் சிறுநீரகம் பழுதானவருக்கு, சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கும். அடுத்த ஷிப்டுக்கு இதைச் சொல்லாமல் போகாதீர்கள்.

டிரிப்

500 மி.லி. 8 மணி நேரத்தில் என்றால் மணிக்கு 62.5 மி.லி. பம்ப் இல்லாமல், 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் குழாயில் நிமிடத்துக்கு 21 சொட்டு: 500-ஐ 20-ஆல் பெருக்கி, 480 நிமிடத்தால் வகுத்தது. நோயாளி கையை மடக்கினால் இந்தக் கணக்கு கெடும், அதனால் மணிக்கொரு முறை பையைப் பாருங்கள். பம்பில் எண் அடித்ததும், ‘மணிக்கு’ என்ற இடத்தில் அடித்தோமா ‘மொத்தம்’ என்ற இடத்தில் அடித்தோமா என்று இன்னொரு முறை படியுங்கள்.

சோறு, கழிப்பறை, தோல்

சொந்த ஊரில் குடும்பத்தார் செய்யும் பல வேலைகள் இங்கே நம் வேலை: ஊட்டுவது, குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது. இதைக் கீழான வேலை என்று நினைத்து உதவியாளரிடம் தள்ளிவிடும் புதியவர்கள் நோயாளியின் முதுகைப் பார்ப்பதே இல்லை. இடுப்பெலும்புக்கு மேல் சிவந்து, அழுத்தினால் வெளுக்காத தோலையும் பார்ப்பதில்லை. தானாகத் திரும்ப முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, 30 பாகைச் சாய்வில், தலையணை கொடுத்துத் திருப்புங்கள். குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வையுங்கள்.

விழுங்கச் சிரமப்படுபவருக்குப் பானத்தின் கெட்டித்தன்மை 0 முதல் 4 வரை எண்ணிட்டிருக்கும். கட்டில் தலைமாட்டில் 2 என்று இருந்தால் தண்ணீர், காப்பி எல்லாமே 2தான். வீட்டிலிருந்து அன்போடு வரும் ரசம் இந்தக் கணக்கில் தண்ணீர். அதேபோல டயாலிசிஸ் நோயாளிக்கு உறவினர் கொண்டுவரும் இளநீரில் பொட்டாசியம் அதிகம். திட்டாமல் சொல்லுங்கள்: “அம்மா, இவருக்கு இதயத்துக்கு ஆகாது, டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கொடுக்கலாம்.” லேகியம், சீன மூலிகை, மலாய் மூலிகை மருந்தான ஜாமு எதுவும் எடுக்கிறாரா என்றும் கேட்டுவையுங்கள், கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

மூக்குக்குழாயில் பால் கொடுக்குமுன், உறிஞ்சிய திரவத்தின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 5.5-க்கு மிகாமல் இருக்க வேண்டும், தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும்.

விழுவது பெரும்பாலும் கழிப்பறைக்குப் போகும் வழியில். மலமிளக்கியும் சிறுநீர் மாத்திரையும் கொடுத்தவரை நீங்களே முன்போய்க் கேளுங்கள். கழிப்பறையில் உட்காரவைத்துவிட்டு, ‘வெட்கப்படுகிறார்’ என்று வெளியே போகாதீர்கள். திரையை இழுத்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் முதுகைக் காட்டி நில்லுங்கள்.

மொழி

தமிழ் தெரியும் என்று தெரிந்தவுடன் உங்களைப் பக்கத்து வார்டிலிருந்தும் கூப்பிடுவார்கள். இதில் கவனம் தேவை, ஏனென்றால் நம்முடைய உடல்நோவுச் சொற்கள் வழுக்கும். ‘மயக்கமா இருக்கு’ என்றால் தலைசுற்றலா, நினைவு தப்பியதா, குமட்டலா? ‘இழுப்பு’ என்றால் ஒருவருக்கு ஆஸ்துமா, இன்னொருவருக்கு வலிப்பு. ‘கால் மரத்துப்போச்சு’ என்றால் உணர்வு போனதா, பலம் போனதா என்று காலைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘வாயு’. “நெஞ்சுல வாயு புடிச்சிருக்கு, சோடா குடிச்சா சரியாயிடும்” என்று சொல்லும் அறுபது வயதுக்காரருக்கு முதலில் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் ‘கேஸ்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் அவர் வேறு பக்கம் யோசிப்பார். நோயாளி சொன்னதை அப்படியே சொல்லி, எங்கே கை வைத்துக் காட்டினார் என்பதையும் சேருங்கள்.

வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று பாட்டிகளிடம் கேட்டால் “பரவாயில்லம்மா” என்றுதான் வரும். “திரும்பிப் படுக்க முடியுதா? ராத்திரி தூங்குனீங்களா?” என்று கேளுங்கள். குடும்பத்தார் மறைத்து வைத்த நோயின் பெயரை மொழிபெயர்ப்பு நேரத்தில் உடைக்க வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். நோயாளி கேட்கிறார் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்கும்போது டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள்.

மற்ற மொழிகளில் பத்துச் சொல் போதும். மலாயில் ‘சாக்கிட்’ வலி, ‘மானா சாக்கிட்?’ எங்கே வலி, ‘சுசா நாஃபாஸ்’ மூச்சுத்திணறல், ‘கெஞ்சிங்’ சிறுநீர். மாண்டரினில் ‘தோங்’ வலி. ஹொக்கியனில் ‘தியா’ வலி, ‘பாங் ஜியோ’ சிறுநீர் கழிப்பது, ‘பாங் சாய்’ மலம் கழிப்பது. சீன முதியவர்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். குளிர்ந்த நீரில் மாத்திரை விழுங்க மறுப்பவர்கள் பலர். பாக்சிக், மாக்சிக், ஆன்ட்டி, அங்கிள், பாட்டி, ஐயா என்று முறை சொல்லிக் கூப்பிட்டால் பாதி வேலை சுலபம். உங்களை அவர்கள் ‘மிஸ்ஸி’ என்பார்கள். வார்டு மேலாளரைப் பழையவர்கள் இன்னும் ‘சிஸ்டர்’ என்பதுண்டு. 1885-ல் இங்கே தாதிமைப் பணியைத் தொடங்கியவர்கள் பிரெஞ்சு கன்னியாஸ்திரீகள், ஆகஸ்ட் 1 தாதியர் தினம் அதையொட்டி வந்ததே.

அறுவைச் சிகிச்சைக்கு முன் தாலியைக் கழற்ற மனமில்லாதவரிடம் வாதாட வேண்டாம். அறுவை அறைக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்படி டேப் ஒட்டலாம். கழற்றி ஒப்படைத்தால், உடைமைப் பட்டியலில் ‘தங்கச் சங்கிலி’ என்று எழுதாமல் ‘மஞ்சள் நிற உலோகச் சங்கிலி’ என்று எழுதுங்கள். தங்கமா இல்லையா என்பது தாதிக்குத் தெரியாத விஷயம்.

டாக்டரைக் கூப்பிடுவது

தொலைபேசியை எடுக்குமுன் எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய எண்களையும் சேர்த்து. இப்படி: “வார்டு 8, கட்டில் 12-இன் தாதி பேசுகிறேன். 72 வயது, நிமோனியா, இரண்டாம் நாள். காலை மூச்சு 20, இப்போது 26. 1 லிட்டரில் 95 இருந்த ஆக்சிஜன் 3 லிட்டரில் 91. ரத்த அழுத்தம் 128/70-இலிருந்து 98/56. நிலைமை மோசமாகிறது என்று நினைக்கிறேன். உடனே வந்து பாருங்கள். வருவதற்குள் என்ன செய்யட்டும்?” கடைசி மூன்று வாக்கியங்களைச் சொல்லக் கூச்சப்படுவதுதான் புதியவர்களின் வழக்கம். ‘கொஞ்சம் அழுத்தம் குறைவா இருக்கு டாக்டர்’ என்று சொன்னால் அரை மணி நேரம் போய்விடும். வாய்மொழி உத்தரவு கிடைத்தால் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டுங்கள். டாக்டர் வரவில்லையென்றால் மூத்த தாதியிடம் போங்கள். மூச்சோ நாடியோ இல்லையென்றால் யாரையும் கேட்க வேண்டாம்: சத்தம் போட்டு ஆள் கூட்டி, கோட் புளூ (உயிர்காக்கும் குழுவை வரவழைக்கும் அவசர அழைப்பு), நெஞ்சில் அழுத்தம்.

எழுதுவது, தவறுவது

நடந்த நேரத்தை எழுதுங்கள், எழுதும் நேரத்தை அல்ல. தாமதமாக எழுதினால் தாமதப் பதிவு என்றே குறிப்பிடுங்கள். முந்தைய ஷிப்டின் வரிகளை அப்படியே நகலெடுத்தால், நேற்று கழற்றிய சிறுநீர்க்குழாய் இன்றும் ‘நன்றாக வடிகிறது’. கணினியை விட்டு எழுந்தால் பூட்டுங்கள். 2018-ல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டபின் இந்த விஷயத்தில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. உங்கள் பராமரிப்பில் இல்லாத நோயாளியின் பதிவைத் திறப்பது, அவர் உங்கள் சித்தப்பாவாகவே இருந்தாலும், குற்றம்.

தவறான மருந்து போய்விட்டால் வரிசை இது: நோயாளியைப் பாருங்கள், பாராமீட்டர் எடுங்கள், டாக்டருக்கும் மேலாளருக்கும் சொல்லுங்கள், பிறகு சம்பவ அறிக்கை. அழுவதைக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். ஊசி குத்திவிட்டால் ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம், உடனே தெரிவியுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கூர்முனைப் பெட்டி முக்கால் நிரம்பினாலே மூடிவிடுங்கள்.

கை சுத்தம்: தேய்ப்புத் திரவம் 20 முதல் 30 விநாடி. கிளாஸ்ட்ரிடியம் வயிற்றுப்போக்குக்கு அது போதாது, சோப்பும் தண்ணீரும்தான்.

ஷிப்ட் முடிந்ததும்

அடுத்தவரிடம் சொல்லும்போது, செய்ததைவிட செய்யாததை முதலில் சொல்லுங்கள்: 2 மணி ஆன்டிபயாடிக் இன்னும் போகவில்லை, கட்டில் 9-க்கு ரத்தம் எடுக்கவில்லை, கட்டில் 11-இன் மகள் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிறார். பிறகு உடை மாற்றுமுன் சீருடைப் பைகளைத் தடவிப் பாருங்கள். யாருக்கோ கொடுக்க மறந்த மாத்திரை, இன்னொருவரின் பெயர் ஒட்டிய லேபிள், கட்டுப்பாட்டு மருந்து அலமாரியின் சாவி. அந்தச் சாவி உங்களோடு ஈசூன் வீடு வரை போனால், அதோடு நீங்களும் திரும்பி வர வேண்டியிருக்கும்.